டப்பாவுக்கு வில்லங்கம் பார்த்த கதை

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருடம். பற்று, வரவு, தேய்மானம் இதுதான் நமக்குத் தெரிந்த உலகம். ஆனாலும் இந்தப் பதிவு கம்ப்யூட்டர் பற்றியது, அதிலும் சுவிட்சைப் போட்ட முதல் நாலைந்து வினாடிகளைப் பற்றியது. "உனக்கெதுக்குடா இந்த வேலை" என்று எங்கள் வகுப்பு மக்கள் கேட்பது காதில் விழுகிறது. அக்டோபர் 16-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு நானும் என்னை அதே கேள்விதான் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். அப்பாவுக்கு அரியலூரில் லாரி உதிரிபாகக் கடை. எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, இரண்டுக்கும் நடுவே ராத்திரி பகலாக ஓடும் லாரி. அதனால் ஸ்பிரிங் பட்டை, பிரேக் லைனிங், பேரிங் விற்கிறவர்களுக்குப் பிழைப்பு ஓடும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்த விற்பனையைக் கூட்டி, அதில் 1 சதவீதம் வரி கட்டி, சிஎம்பி-08 என்ற படிவத்தை அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் போடவேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. தொகை பெரிதில்லை. ஆனால் அப்பா தன் வாழ்நாளில் எதற்கும் தாமத வட்டி கட்டியதில்லை என்பதை ஒரு பட்டம் போல வைத்திருப்பவர்.

இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் கஷ்டப்படுகிறாரே என்று நான்தான் ஆரம்பித்தேன். செகண்ட் ஹேண்டில் 900 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு டிவி டப்பா கிடைத்தது. எஸ்905எக்ஸ் என்ற சிப், 2 ஜிபி நினைவகம். அதில் லினக்ஸ் போட்டு, கடையில் சும்மா கிடந்த டிவியில் மாட்டி, லிப்ரே ஆபீஸ் திறந்து கொடுத்தேன். தங்கச்சி சாயங்காலம் வந்து பில் புக்கைப் பார்த்துத் தட்டிவிடுவாள். மூன்று மாதம் சூப்பராக ஓடியது. அப்பாவே கடைக்கு வருகிற டிரைவர்களிடம் "பையன் செஞ்சது" என்று சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லமாட்டார் :-)

16-ஆம் தேதி ராத்திரி வைஃபை டாங்கிள் ஒன்றை வேலை செய்ய வைக்கிறேன் பேர்வழி என்று அப்டேட் கொடுத்து, டிரைவர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள் என்று ஒரு இடத்தில் மாற்றிவிட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். டிவியில் கறுப்புத் திரை. அணைத்துப் போட்டேன், கறுப்பு. மெமரி கார்டைக் கழற்றி ஊதி (எல்லோரும் ஊதுவோம், பொய் சொல்லாதீர்கள்) மாட்டினேன், கறுப்பு.

கார்டில் இருக்கிற கணக்கு அழியவில்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் அதைப் படிக்க லினக்ஸ் உள்ள இன்னொரு பொட்டி வேண்டும், அது வீட்டில் இல்லை. காலையில் அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரி, பில் புக்கை எடு" என்றார், அவ்வளவுதான். ஆறு பில் புக். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். நான் கால்குலேட்டரில், அவர் வாயால். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முதலில் முடித்தார். 17-ஆம் தேதி இரவே படிவம் போட்டாயிற்று. வட்டி இல்லை. அப்பாவின் பட்டம் தப்பியது. என் பட்டம்தான் போச்சு.

அடுத்த ஞாயிறு பெரம்பலூரில் ஈசிஇ படிக்கிற என் நண்பன் வந்தான். "மாப்ள, டிவியில தெரியுறதுக்கு முன்னாடியே இது பேசும்டா, நீதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து உள்ளே மூன்று வயரை வைத்து லேப்டாப்பில் இணைத்தான். சீரியல் கேபிள். கறுப்புத் திரைக்குப் பின்னால் டப்பா வரி வரியாகப் பேசிக்கொண்டுதான் இருந்தது. பூட்லோடர் விழித்தது, கார்டைப் பார்த்தது, கெர்னலைப் படித்தது, இனிட்ஆர்டி கோப்பைப் படிக்கிறேன் என்றது. பிறகு நிசப்தம். 'கெர்னலைத் தொடங்குகிறேன்' என்கிற வரியே வரவில்லை. ஒரு கோப்பைப் படிக்கும்போது எதற்குச் சாகவேண்டும்? கார்டு பழுதா என்று பார்த்தால், அவன் லேப்டாப்பில் அதே கோப்பு சமர்த்தாகத் திறக்கிறது.

இங்கே பூட்லோடர் என்றால் என்ன என்று நம்ம காமர்ஸ் மக்களுக்காக இரண்டு வரி. கரண்ட் வந்தவுடன் நினைவகத்தில் நமக்கு வேண்டிய எதுவும் இருக்காது. சின்ன நிரல் ஒன்று எழுந்து, கார்டிலிருந்து மூன்று சாமான்களை எடுத்து நினைவகத்தில் வைக்கும்: கெர்னல், வன்பொருள் விவரம் எழுதிய டிவைஸ் ட்ரீ, தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்கள் அடங்கிய இனிட்ஆர்டி. வைத்துவிட்டு "இனி உன் பாடு" என்று கெர்னலிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். என் டப்பாவில் அந்த எண்களை ஒரு பூட் ஸ்கிரிப்டில் எழுதி வைத்தது சாட்சாத் நானே. கெர்னலுக்கு 16.5 எம்பி என்று ஏற்கெனவே இருந்தது. இனிட்ஆர்டிக்கு 64 எம்பி என்று நான் போட்டேன். ஏன் 64 என்றால், பார்க்க நன்றாக இருந்தது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சி.

கெர்னல் 27 எம்பி. 16.5-இல் ஆரம்பித்தால் 43.5-இல் முடியும். அதற்கும் மேலே கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் கெர்னல் ஓடும்போது பூஜ்யமாக வைத்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு, அது கோப்பில் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பேர் என்று எழுதி, பந்தியில் நான்கு பேர் உட்காருகிற மாதிரி. அதற்கும் சேர்த்து 46 என்று வைத்தாலும் 64 வரை இடம் சும்மா கிடக்கிறது. இனிட்ஆர்டி 9 எம்பி, 64-லிருந்து 73. எதுவும் எதையும் இடிக்கவில்லை. 2 ஜிபி நினைவகத்தில் நூறு எம்பிகூடத் தொடவில்லை. பிறகு என்ன?

அப்டேட்டுக்குப் பிறகு இனிட்ஆர்டி 22 எம்பி ஆகியிருந்தது. 64-லிருந்து 86.

நண்பன் டிவைஸ் ட்ரீ கோப்பைப் பிரித்துக் காட்டினான். அதில் 'ஒதுக்கப்பட்ட நினைவகம்' என்று ஒரு பகுதி. நான் கடை லெட்ஜரின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்தேன். முதல் 16 எம்பி, சிப்பின் சொந்த நிரலுக்கு. 80 முதல் 83 வரை, பிஎல்31 என்ற பாதுகாப்பு நிரலுக்கு. 83 முதல் 115 வரை, பிஎல்32-க்கு. அது இன்னொரு குட்டி இயங்குதளம், காசு கொடுத்துப் பார்க்கும் படங்களின் பூட்டு சாவி வேலைக்கெல்லாம் பயன்படுவது. அப்புறம் 256 முதல் 258 வரை இன்னொரு துண்டு. இந்தக் குடும்பத்துச் சிப்களில் சிலவற்றில் பிஎல்31 80-இல் இருக்கும், சிலவற்றில் 256-இல் இருக்கும். எதற்கு வம்பு என்று இரண்டையுமே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

என் 22 எம்பி இனிட்ஆர்டி 80-ஐத் தாண்டி நேராக பிஎல்31 வீட்டுக்குள் போயிருக்கிறது. பிஎல்31 சாதாரண ஆள் இல்லை. சிப்பின் மற்ற மூன்று கோர்களை எழுப்புவது, அணைப்பது, ரீசெட் செய்வது எல்லாம் கெர்னல் அதனிடம் கேட்டுத்தான் நடக்கும். அந்த இடத்தில் வெளியாள் எழுத முயன்றால் டப்பா நட்டுக்கொள்வதுதான் நடக்கும். 2 ஜிபி இடம் காலியாக இருந்தும், வெறும் 3 எம்பிக்குள் போய் மோதியிருக்கிறேன்.

லெட்ஜரில் நான் வரைந்ததை அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா, எஃப்எம்பி ஸ்கெட்ச் மாதிரி இருக்கு?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நிலம் வாங்குகிறவர் பட்டா பார்ப்பார், அளவு வரைபடம் பார்ப்பார், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். எங்கள் உறவில் ஒருவர் இதில் ஒன்றைப் பார்க்காமல் மனை வாங்கி, அஸ்திவாரம் போடும்வரை எல்லாம் நன்றாகப் போய், பின்பக்கச் சுவர் எழுப்பும்போதுதான் அது ஓடைப் புறம்போக்கு என்று தெரிந்தது. வீடு சின்னதாக இருந்தவரை பிரச்சினை இல்லை. பின்னால் ஒரு அறை சேர்த்தபோதுதான் வந்தது வினை. என் இனிட்ஆர்டி 9 எம்பியாக இருந்தவரை அந்த ஓடை எனக்குத் தெரியாது. முதல் நாளே மோதியிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன். மூன்று மாதம் ஓடியதால்தான் நம்பிவிட்டேன்.

இன்னொரு காமர்ஸ் சந்தேகமும் எனக்கு வந்தது. நம்ம பாடத்தில் 'ரிசர்வ்' என்றால் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் நிற்கும் ஒரு எண். அதற்காக யாரும் பீரோவில் தனியாகக் காசு பூட்டி வைப்பதில்லை. நினைவகத்தின் ரிசர்வ் அப்படியில்லை. அது வெளியே முதலீடு செய்து தனியே வைத்த 'ரிசர்வ் ஃபண்ட்' போல, குறிப்பிட்ட இடத்தில் நிஜமாகவே இருக்கிறது. அதிலும் சிலவற்றுக்கு 'நோ-மேப்' என்று ஒரு குறிப்பு வேறு. அதாவது கெர்னல் அந்த இடத்துக்கு வழியே போட்டுக்கொள்ளக்கூடாது. ஏன் அவ்வளவு கெடுபிடி என்றால், இந்தக் காலத்துச் சிப்கள் அடுத்து எது தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே படித்து வைக்கிற பழக்கம் உள்ளவை. வழி இருந்தால் யாரும் கேட்காமலே போய்த் தொட்டுவிடும். அதனால் வேலி மட்டும் போதாது, வாசலே வைக்காதே என்கிறார்கள்.

இந்த இடப்பிரச்சினை புதிதில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பூட் செக்டரைச் சரியாக 31 கேபி இடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பார்க்க விசித்திரமான எண். ஆனால் காரணம் எளிது. நினைவகத்தின் தொடக்கம் 1 கேபி குறுக்கீட்டு அட்டவணைக்கு, அதையடுத்து பயாஸின் சொந்தக் குறிப்புகள். அங்கே போகமுடியாது. அன்றைக்கு டாஸ் ஓட குறைந்தது 32 கேபி வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த 32-இன் கடைசி 1 கேபியில் ஒதுங்கிக்கொண்டால், மீதி நடுப்பகுதி முழுதும் இயங்குதளத்துக்குக் கிடைக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து முன்னால் உள்ளவர்களுக்கு வழி விடுகிற மாதிரி. பழைய முறையில் பூட் ஆகும் பிசிக்களில் இந்த 31 கேபி கடைசிவரை மாறவே இல்லை.

நம்ம பக்கத்து உதாரணமும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவினர் செய்த 'சக்தி' செயலி, 2018-இல் லினக்ஸை பூட் செய்த செய்தி நினைவிருக்கலாம். அதில் நினைவகம் பூஜ்யத்தில் தொடங்குவதே இல்லை. 2 ஜிபி என்ற முகவரியில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள எண்கள் சாதனங்களுக்கும் ராமுக்கும் போய்விடும் (இந்த ராம் ரீட்-ஒன்லி ராம், மற்ற ராம் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் குழம்புகிறது, மன்னிக்கவும்). சக்தி சேர்ந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தில் ஓப்பன்எஸ்பிஐ என்ற நிரல் வழக்கமாக அந்த முதல் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். 64 பிட் கெர்னல் 2 எம்பி தள்ளித்தான் தொடங்கும். அங்கே தலைவாசலில், என் டப்பாவில் நடுக்கூடத்தில். காலி மனை என்று நினைத்துப் போனால் எங்கேயும் ஒருத்தர் நமக்கு முன்னால் இருக்கிறார்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஒன்றே ஒன்றில்தான். இதை ஏன் பூட்லோடர் சொல்லவில்லை? "தம்பி, அங்க இடம் இல்ல" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் ராத்திரி கார்டை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன். தேடிப் பார்த்ததில் கிடைத்த பதில்: டப்பாவில் இருந்தது யூ-பூட் என்ற பூட்லோடரின் 2015.01 பதிப்பு. அந்தக் காலத்து யூ-பூட்டில், கார்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கும்போது அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற வழக்கம் இல்லை. சொன்ன எண்ணில் கொட்டும். 2018-இல் இதையே பாதுகாப்பு ஓட்டையாகப் பதிவு செய்தார்கள். சிவிஇ-2018-18440 என்று எண். பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்து பூட்லோடரின் சொந்த இடத்தின் மேலேயே எழுத வைத்துவிடலாம் என்பதுதான் அது. என்னைப் போன்ற அசடுகள் தற்செயலாகச் செய்வதை ஒருவர் திட்டம் போட்டுச் செய்யலாம் என்று அர்த்தம். 2019.04 பதிப்பிலிருந்து, ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் மேல் எழுதிவிடும் என்று சொல்லி மறுத்துவிடுகிறது.

அதற்கு யூ-பூட் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தின் பெயர் எல்எம்பி. இரண்டே பட்டியல். ஒன்றில் மொத்த நிலம், இன்னொன்றில் பட்டா ஆன நிலம். டிவைஸ் ட்ரீயில் உள்ள ஒதுக்கீடுகளும், யூ-பூட் தானே குடியிருக்கும் இடமும் (அது நினைவகத்தின் உச்சிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்) இரண்டாவது பட்டியலில் ஏறும். "எனக்கு இவ்வளவு எம்பி வேண்டும்" என்று கேட்டால் மேலிருந்து கீழாகத் தேடி, மோதாத இடமாகக் கொடுக்கும். பதிவுத் துறைக்குக் கம்ப்யூட்டர் வந்த மாதிரிதான். ஆனால் ஏட்டில் ஏறாத வில்லங்கத்தை எந்த அலுவலகமும் கண்டுபிடிக்காது. டிவைஸ் ட்ரீயில் எழுத மறந்த ஒதுக்கீடு இருந்தால் எல்எம்பியும் சிரித்த முகத்தோடு அந்த இடத்தை எடுத்துக் கொடுக்கும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். பூட்லோடரையே மாற்றத் தைரியம் இல்லை, அதில் கை வைத்துத் தவறினால் 900 ரூபாய் காலி. ஸ்கிரிப்டில் எண்களை மட்டும் மாற்றினேன். புதிய யூ-பூட் இந்தச் சிப்புக்கு வைத்திருக்கும் எண்களையே எடுத்துக்கொண்டேன்: ஸ்கிரிப்ட் 128-இல், டிவைஸ் ட்ரீ அதிலிருந்து 32 கேபி தள்ளி, கெர்னல் 128.5-இல், இனிட்ஆர்டி 304-இல். லெட்ஜர் படத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த எண்களின் அழகு புரிந்தது. 115-இல் முடிகிற பிஎல்32-ஐத் தாண்டியாயிற்று. கெர்னல் எவ்வளவு கொழுத்தாலும் 256 வரை 127.5 எம்பி இருக்கிறது. இனிட்ஆர்டி அந்த 256-258 துண்டையும் தாண்டி அந்தப் பக்கம் நிற்கிறது, அதற்கு மேலே நூற்றுக்கணக்கான எம்பி திறந்த வெளி. இந்த எண்களை வைத்தவர் யாரோ, அவர் 64 "பார்க்க நன்றாக இருக்கிறது" என்று வைக்கவில்லை.

டப்பா எழுந்தது. லிப்ரே ஆபீஸ் திறந்து காலாண்டு மொத்தத்தைப் பார்த்தேன். நாங்கள் கையால் கூட்டியதைவிட 1,860 ரூபாய் அதிகம். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது, குறைத்துக் காட்டிவிட்டோமா என்று. உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தால், ஆகஸ்டில் ஒரு பிரேக் லைனிங் பில்லைத் தங்கச்சி இரண்டு முறை தட்டியிருக்கிறாள். அப்பாவின் வாய்க்கணக்கு சரி.

இப்போது கடை பீரோவின் உள்பக்கத்தில் அந்த லெட்ஜர் தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு, ரீஸ்டார்ட் கொடுக்கும் முன் கெர்னல் எத்தனை எம்பி, இனிட்ஆர்டி எத்தனை எம்பி, எங்கே முடிகிறது என்று தேதி போட்டு எழுதுகிறேன். மூன்று வரி ஆகியிருக்கிறது. கீழே அப்பா தன் பில் புக் பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "10-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரை இதில் யாரும் கை வைக்கக் கூடாது."